தனி ப்ரீஆம்ப் தேவையா? டிஜிட்டல் ஒலியமைப்பை நேரடியாக இணைத்தல்

ப்ரீஆம்ப் என்று சுருக்கி வழங்கப்படும் முன்பெருக்கி, இசைத்தட்டுகள் கோலோச்சிய காலத்தில் தவிர்க்க முடியாத கருவியாக இருந்தது. இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் எம்.எம். வகைக் காட்ரிட்ஜ் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் மட்டுமே தரும், எம்.சி. வகை பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் தரும். அவ்வளவு மெல்லிய சமிக்ஞையைப் பல நூறு மடங்கு உயர்த்தி, பதிவின்போது குறைக்கப்பட்ட அடித்தள ஒலிகளையும் கூட்டப்பட்ட உச்ச ஒலிகளையும் மீண்டும் சமன்செய்து, ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் பொறுப்பு ப்ரீஆம்பினுடையது. 1967இல் பிரிட்டனில் இருந்து வந்த குவாட் 33 ப்ரீஆம்ப், குவாட் 303 பவர் ஆம்ப்ளிஃபையர் என்ற இணை இந்த வேலைப் பிரிவினைக்கு நல்ல சான்று. 1982இல் சி.டி. பிளேயர் விற்பனைக்கு வந்தபின் நிலைமை மாறிற்று. அது தானாகவே 2 வோல்ட் வரை தந்தது. இன்றைய ஸ்ட்ரீமரும், டிஜிட்டல் தரவை மின்னலையாக மாற்றும் டேக் கருவியும் அதே அளவையே பின்பற்றுகின்றன. காட்ரிட்ஜோடு ஒப்பிட்டால் இது 400 மடங்கு. உயர்த்துவதற்கு எதுவும் மிச்சமில்லாத நிலையில், உயர்த்தும் கருவியைத் தனியாக வாங்க வேண்டுமா என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டியதில்லை. ஆனால் ப்ரீஆம்ப் பார்த்துவந்த வேலைகளை வேறொரு கருவி ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே அந்தப் பெட்டியைக் கழிக்க வேண்டும்.

முதலில் யார் இந்த அத்தியாயத்தைத் தாண்டிச் செல்லலாம்

வீட்டில் இருப்பது இன்டிகிரேட்டட் ஆம்ப்ளிஃபையராக இருந்தால், அதாவது முன்பக்கம் வால்யூம் திருகும் உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சும் உள்ள ஒரே பெட்டியாக இருந்தால், ப்ரீஆம்ப் அதனுள்ளேயே இருக்கிறது. மின் இணைப்பைத் தானே எடுத்துக்கொள்ளும் பவர்டு ஸ்பீக்கர்களுக்கும் இதுவே பொருந்தும். இவற்றின் முன்னால் இன்னொரு ப்ரீஆம்பை வைப்பது வீண் செலவு. சமிக்ஞை இரண்டு முறை உயர்ந்து, திருகைச் சற்றே அசைத்தாலும் ஒலி வெடிக்கும் நிலை உண்டாகும். கீழே வருபவை, வால்யூம் திருகு இல்லாத பவர் ஆம்ப்ளிஃபையரைத் தனியாக வைத்திருப்பவருக்கும் வாங்க எண்ணுபவருக்கும் உரியவை.

ப்ரீஆம்ப் பார்க்கும் நான்கு வேலைகள்

1. பல கருவிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல். தொலைக்காட்சி, ஸ்ட்ரீமர், கணினி மூன்றும் ஆப்டிகல், யு.எஸ்.பி., எச்.டி.எம்.ஐ. வழியாக டேக்குக்குள் வருமானால், இந்த வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

2. ஒலியளவைக் கூட்டிக் குறைத்தல். டேக்கில் வால்யூம் வசதி இருக்க வேண்டும். வெளியீட்டின் அளவு மாறாமல் 2 வோல்ட்டிலேயே நிற்கும் டேக்கில் இந்த வேலை நடக்காது.

3. மின்னழுத்தத்தை உயர்த்துதல். கெயின் எனப்படும் இந்தப் பெருக்கம் டிஜிட்டல் கருவிகளுக்கு அரிதாகவே வேண்டியிருக்கிறது.

4. அடுத்த கருவியைத் தளராமல் இயக்குதல். ஒரு கருவியின் வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது இம்பீடன்ஸ், அடுத்த கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 100 ஓம் வெளியீடு கொண்ட டேக், 10,000 ஓம் உள்ளீடு கொண்ட ஆம்ப்ளிஃபையரை எந்தச் சிரமமும் இல்லாமல் இயக்கும்.

நான்கில் இரண்டாவது வேலையே உண்மையான தொல்லையைத் தருவது. மூன்றாவதைப் பற்றிய கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால், கடைக்காரரின் பரிந்துரை எதுவும் குழப்பாது.

வோல்ட் கணக்கு

பவர் ஆம்ப்ளிஃபையரின் கையேட்டில் இரண்டு எண்களைத் தேட வேண்டும்: 8 ஓமில் எத்தனை வாட், கெயின் எத்தனை டெசிபல்.

1. வாட்டையும் 8ஐயும் பெருக்கி, வர்க்கமூலம் காண வேண்டும். 50 வாட் ஆம்ப்ளிஃபையருக்கு 400இன் வர்க்கமூலம் 20; முழுச் சக்தியில் அது ஸ்பீக்கருக்குத் தரும் மின்னழுத்தம் 20 வோல்ட்.

2. கெயினை மடங்காக மாற்ற வேண்டும். 20 டெசிபல் என்பது 10 மடங்கு. 26 டெசிபல் 20 மடங்கு. 32 டெசிபல் 40 மடங்கு. கூடுதலாக வரும் ஒவ்வொரு 6 டெசிபலும் ஏறத்தாழ இரட்டிப்பு என்று நினைவில் வைத்தால் போதும்.

3. முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 20 வோல்ட்டை 20ஆல் வகுத்தால் 1 வோல்ட். இந்த ஆம்ப்ளிஃபையர் முழு மூச்சோடு பாட உள்ளே வர வேண்டியது இவ்வளவே. கையேடுகள் இதை உள்ளீட்டு உணர்திறன் என்று நேரடியாகவும் குறிப்பதுண்டு.

4. டேக் தரும் உச்ச அளவோடு ஒப்பிட வேண்டும். சாதாரண ஆர்.சி.ஏ. வெளியீடு 2 வோல்ட். மூன்று ஊசிகள் கொண்ட எக்ஸ்.எல்.ஆர். வெளியீடு பெரும்பாலும் 4 வோல்ட்.

எடுத்துக்காட்டில் தேவை 1 வோல்ட். கையில் இருப்பது 2. இருமடங்கு மிகையாக இருக்கும்போது, நடுவில் 12 டெசிபல் உயர்த்தும் ப்ரீஆம்பை வைத்தால் அது 8 வோல்ட் வரை தள்ளும். திருகு எட்டு மணி நிலையைத் தாண்டுவதற்குள் அறை அதிர்வதும், குறைந்த ஒலியில் இடது ஸ்பீக்கர் ஓங்கி வலது தாழ்ந்து கேட்பதும் இதன் விளைவே. திருகின் தொடக்கப் பகுதியில் பெரும்பாலான வால்யூம் கன்ட்ரோல்களின் இரு பக்கங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தி நடப்பதில்லை. 1975இல் வந்த குவாட் 405 போன்ற பழைய ஆம்ப்ளிஃபையருக்கு 0.5 வோல்ட்டே போதும் என்பதால், டேக்கின் 2 வோல்ட்டே அங்கு நான்கு மடங்கு மிகை.

கையேடு கிடைக்காத டேக்குகளுக்கு, குறிப்பாகச் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் போர்டு வாங்கிக் கட்டியவற்றுக்கு, அளந்து பார்ப்பதே வழி. ஆம்ப்ளிஃபையரோடு இணைக்காமல், டேக்கில் மட்டும் 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை முழு அளவில் ஓடவிட்டு, ஆர்.சி.ஏ. பிளக்கின் நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே ஏ.சி. வோல்ட்டை மல்டிமீட்டரில் பார்த்தால் அதன் உச்ச வெளியீடு தெரியும்.

குறிப்பு: டி.டி. 830டி வகை மலிவு மீட்டரில் ஏ.சி.க்கு 200, 750 வோல்ட் என்ற இரண்டு அளவுகளே உள்ளன. 2 வோல்ட்டை அதில் நம்பகமாகப் படிக்க முடியாது. 2 அல்லது 20 வோல்ட் ஏ.சி. அளவு உள்ள மீட்டர் வேண்டும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியில் பல மீட்டர்கள் தவறான எண் காட்டும் என்பதால் 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியே ஏற்றது.

டிஜிட்டல் வால்யூமால் தரம் கெடுமா

டேக்கின் உள்ளே எண்களைச் சுருக்கி ஒலியளவைக் குறைப்பதே டிஜிட்டல் வால்யூம். ஒலியைக் குறைத்தால் பிட்கள் உதிர்ந்துபோகும் என்ற அச்சம், 16 பிட் சுற்றுகள் மட்டுமே இருந்த நாளில் நியாயமானது. ஒவ்வொரு 6 டெசிபல் குறைப்பும் ஒரு பிட்டைத் தின்றுவிடும். இன்றைய டேக்குகள் 24 அல்லது 32 பிட் அகலத்தில் கணக்கிடுகின்றன. 16 பிட் சி.டி. பதிவை 24 பிட் வெளியில் வைத்தால் கீழே 8 பிட் காலியிடம் இருக்கிறது. ஆகவே 48 டெசிபல் வரை குறைத்தாலும் கணக்களவில் பதிவின் எந்தப் பகுதியும் வெட்டுப்படுவதில்லை.

உண்மையான எல்லை வேறிடத்தில் இருக்கிறது. டேக்கின் இறுதிச் சுற்றில் எழும் மெல்லிய சீறல், வால்யூமைக் குறைத்தாலும் குறையாது. ஆம்ப்ளிஃபையர் அதையும் அப்படியே 20 மடங்காக்கும். 2 வோல்ட் தரும் டேக்கின் சமிக்ஞை–இரைச்சல் விகிதம் 120 டெசிபல் என்றால் இரைச்சல் 2 மைக்ரோவோல்ட். ஸ்பீக்கரில் 40 மைக்ரோவோல்ட். 90 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கரில் அது மனிதக் காது கேட்கும் எல்லைக்குக் கீழே. விகிதம் 100 டெசிபலாக இருந்தால் ஸ்பீக்கரில் 400 மைக்ரோவோல்ட் வரும். ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 13 டெசிபல் ஒலி. நள்ளிரவில் ஸ்பீக்கரின் அருகில் சென்றால் கேட்கும். நாற்காலியில் அமர்ந்தால் கேட்காது. 105 டெசிபல் உணர்திறன் கொண்ட ஹார்ன் ஸ்பீக்கரில் இதே இரைச்சல் 28 டெசிபலாகி, தம்புரா மட்டும் ஒலிக்கும் இடங்களில் பின்னணியாக உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு மலிவான மருந்து உண்டு. அட்டென்யுவேட்டர் எனப்படும் சிறு தணிப்பான், ஆர்.சி.ஏ. பிளக் வடிவிலேயே 10 டெசிபல் அளவில் கிடைக்கிறது; அதை ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டில் செருகினால் இசையும் டேக்கின் சீறலும் சேர்ந்து தணியும், டேக்கின் வால்யூமை அதன் வசதியான மேல்பகுதியில் வைத்துக்கொள்ளலாம். பெஞ்ச்மார்க் நிறுவனத்தின் டேக்குகளில் 10, 20 டெசிபல் தணிப்பு எக்ஸ்.எல்.ஆர். வெளியீட்டிலேயே பொருத்தப்பட்டிருப்பது இந்தக் காரணத்துக்காகத்தான்.

நேரடியாக இணைக்கும் வரிசை

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படிக்க வேண்டும். ப்ரீஆம்ப் இருக்கும்போது மனிதக் கை பிடித்திருக்கும் திருகு, நேரடி இணைப்பில் மென்பொருளின் கைக்குப் போய்விடுகிறது. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டபின் வால்யூம் முழு அளவுக்குத் திரும்பினாலோ, வெளியீட்டு அமைப்பு நிலையான அளவுக்கு மாறிவிட்டாலோ, முதல் நொடியிலேயே ஆம்ப்ளிஃபையர் முழுச் சக்தியையும் ஸ்பீக்கரில் கொட்டும். உச்ச ஒலியைத் தரும் ட்வீட்டரின் தலைமுடி போன்ற கம்பிச்சுருள் அந்த அடியைத் தாங்காது. அருகில் குழந்தை இருந்தால் அதன் காதும் தாங்காது.

1. எல்லாக் கருவிகளையும் சுவரில் உள்ள ஸ்விட்சில் அணைத்துவிட்டு, பவர் ஆம்ப்ளிஃபையரின் விளக்கு முற்றிலும் அவிந்தபின் வேலையைத் தொடங்க வேண்டும். பெரிய மின்தேக்கிகள் சிறிது நேரம் மின்னைத் தேக்கிவைத்திருக்கும்.

2. ஆம்ப்ளிஃபையரின் உள்ளீடுகளில் 10 டெசிபல் தணிப்பான்களைச் செருக வேண்டும். மேலே கண்ட 50 வாட் கருவியில் இதனால் டேக்கின் 2 வோல்ட் 0.63 வோல்ட்டாகி, எந்தத் தவறு நேர்ந்தாலும் 20 வாட்டுக்கு மேல் போகாது. 50க்கும் 20க்கும் உள்ள வேறுபாடு காதுக்கு 4 டெசிபல் மட்டுமே; நடுத்தர அறையில் அன்றாடக் கேட்பு சராசரியாக 1 வாட்டைக்கூடத் தொடுவதில்லை.

3. டேக்கையும் ஆம்ப்ளிஃபையரையும் கேபிளால் இணைத்து, பிளக்குகள் இறுக்கமாக உட்கார்ந்தனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். தளர்ந்த ஆர்.சி.ஏ. பிளக்கில் வெளி வளையம் முதலில் விலகும். நடு ஊசி மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த நிலையில் பெரும் உறுமல் எழும்.

4. டேக்கை மட்டும் இயக்கி, வெளியீட்டை மாறும் அளவு என்ற அமைப்பில் வைத்து, வால்யூமை மிகக் கீழே இறக்க வேண்டும். உச்ச வால்யூமுக்கு வரம்பு வைக்கும் வசதியும், இயக்கும்போது குறிப்பிட்ட வால்யூமில் தொடங்கும் வசதியும் இருந்தால் இரண்டையும் இப்போதே நிர்ணயிக்க வேண்டும்.

5. பாட்டை ஓடவிட்டு, டேக்கின் திரையில் வால்யூம் எண் கட்டளைக்கு ஏற்ப ஏறி இறங்குகிறதா என்று ஸ்பீக்கர் உயிர்பெறுவதற்கு முன்பே உறுதிசெய்ய வேண்டும்.

6. கடைசியாகப் பவர் ஆம்ப்ளிஃபையரை இயக்கி, வால்யூமைப் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

7. அணைக்கும்போது பவர் ஆம்ப்ளிஃபையரே முதலில். டேக் அணையும் கணத்தில் எழும் திடீர் மின்துடிப்பு, ஆம்ப்ளிஃபையர் விழித்திருந்தால் ஸ்பீக்கரில் டொக்கென்று அறையும். வீட்டிலுள்ள அனைவருக்கும் இந்த வரிசையைச் சொல்லிவைப்பது நல்லது.

பரவலான தவறு: கணினி, டேக், ஸ்ட்ரீமிங் செயலி என்று மூன்று இடங்களில் வால்யூமை அரைகுறையாக வைத்திருப்பது. இரண்டை முழு அளவில் பூட்டிவிட்டு, டேக்கின் வால்யூமை மட்டும் புழங்க வேண்டும். எது பூட்டப்பட்டது, எது புழங்குவது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அலமாரியில் ஒட்டிவைத்தால், விருந்தினர் கைபட்டாலும் விபரீதம் நேராது.

சீறலையும் முனகலையும் காதால் சோதித்தல்

மின்விசிறியை நிறுத்தி, பாட்டையும் நிறுத்தி, இரவில் ட்வீட்டரின் அருகே காதைக் கொண்டுசென்று கேட்க வேண்டும். ஸ்ஸ் என்று சீரான சீறல் மட்டும் இருந்து, ஓரடி விலகியதும் மறைந்தால் கவலையில்லை. நாற்காலி வரை வந்தால் தணிப்பானின் அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் குறையாவிட்டால் சீறல் பவர் ஆம்ப்ளிஃபையருடையது, அதை எந்த ப்ரீஆம்பும் தீர்க்காது.

உம்மென்ற 50 ஹெர்ட்ஸ் முனகலின் வேர், பெரும்பாலும் இரண்டு கருவிகள் இரண்டு வெவ்வேறு வழிகளில் எர்த் எனப்படும் நிலத்தொடர்பைப் பெற்றுச் சுற்று உண்டாவதில் இருக்கிறது. கேபிள் டி.வி. கம்பியும் மடிக்கணினியின் சார்ஜரும் அடிக்கடி இதற்குக் காரணமாகும். தொலைக்காட்சியையும் டேக்கையும் ஆப்டிகல் கேபிளால் இணைத்தால் அவற்றுக்கிடையே மின்தொடர்பே இல்லாமல் போவதால் அந்தச் சுற்று அறுபடும். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக இயக்குவதும் உதவும். சதுர அலை தரும் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் எழும் ரீங்காரத்துக்கு ஒலியமைப்பில் பிழை தேட வேண்டியதில்லை.

எச்சரிக்கை: முனகல் நிற்கிறது என்பதற்காக மூன்று ஊசிப் பிளக்கின் பெரிய எர்த் ஊசியைக் கழற்றுவதும், இரண்டு ஊசி அடாப்டரைப் போட்டு எர்த்தைத் துண்டிப்பதும் எந்த நிலையிலும் செய்யத் தகாதவை. உள்ளே ஒரு கம்பி அறுந்து உலோகப் பெட்டியைத் தொட்டால், 230 வோல்ட் அந்தப் பெட்டியிலேயே காத்திருக்கும்.

பாசிவ் ப்ரீஆம்ப் என்ற இடைவழி

டேக்கில் வால்யூம் வசதி இல்லாவிட்டால், மின்சாரமே வேண்டாத பாசிவ் ப்ரீஆம்ப் ஒன்றை நடுவில் வைக்கலாம். பெட்டிக்குள் ஒரு வால்யூம் கன்ட்ரோல் மட்டுமே இருக்கும். இங்கு பார்க்க வேண்டியது அதன் ஓம் மதிப்பு. 10,000 ஓம் கன்ட்ரோலின் வெளியீட்டு மின்மறுப்பு மிக மோசமான திருகு நிலையில் 2,500 ஓமுக்குச் சற்று மேல் போகும். 100,000 ஓம் கன்ட்ரோலில் அது 25,000. மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் கொண்ட 3 மீட்டர் கேபிளோடு சேர்ந்தால், பின்னது 21,000 ஹெர்ட்ஸ் அருகிலேயே ஒலியை 3 டெசிபல் சரித்துவிடும். முன்னது 200,000 ஹெர்ட்ஸைத் தாண்டும் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே 10,000 ஓம், குட்டையான கேபிள். நீளமான கேபிள் தவிர்க்க முடியாததென்றால், மின்னழுத்தத்தை உயர்த்தாமல் இயக்கும் வலிமையை மட்டும் கூட்டும் பஃபர் வேண்டும். ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ் 2008இல் வெளியிட்ட பி1 பஃபர், வீட்டிலேயே கட்டிக்கொள்ள விரும்புவோரிடம் பெயர்பெற்றது.

தனி ப்ரீஆம்ப் உண்மையாகவே வேண்டிய இடங்கள்

கெயின் குறைந்த பவர் ஆம்ப்ளிஃபையர் முதல் இடம். நெல்சன் பாஸின் ஃபர்ஸ்ட் வாட் எஃப்4 மின்னழுத்தத்தைச் சிறிதும் உயர்த்தாது. 25 வாட் பெற 14 வோல்ட் உள்ளே வர வேண்டும், 2 வோல்ட் டேக்கைக் கொண்டு அதில் அரை வாட்டே கிடைக்கும். கேசட் டெக், ரேடியோ டியூனர், இசைத்தட்டு பிளேயர் எனப் பழைய அனலாக் கருவிகள் பலவற்றை உயிரோடு வைத்திருக்கும் வீடு அடுத்தது. இசைத்தட்டு பிளேயர் ஒன்று மட்டுமே இருந்தால், ஃபோனோ ஸ்டேஜ் எனப்படும் சிறு பெட்டியும் அனலாக் உள்ளீடு உள்ள டேக்கும் போதும். பாஸ், ட்ரெபிள் திருகுகள் வேண்டுவோரும், வால்வு ப்ரீஆம்பின் இதமான குரல் பிடித்தவரும் வாங்குவதில் தவறில்லை. வால்வு சேர்க்கும் அந்த இதம் பதிவில் இல்லாத ஒன்று என்பதை மட்டும் அறிந்து வாங்க வேண்டும்.

வாங்குமுன், கடையிலிருந்து சில நாள்களுக்கு வீட்டுக்கு எடுத்துவந்து ஒப்பிட வேண்டும். 26 டெசிபல் அளவுக்குக் கெயின் உள்ள வழக்கமான ஆம்ப்ளிஃபையருக்கு, 6 டெசிபலுக்கு மேல் உயர்த்தாத ப்ரீஆம்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒப்பிடும்போது ஒலியளவு சமமாக இல்லாவிட்டால், சற்று ஓங்கி ஒலிப்பதே உயர்ந்தது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, ஊசிகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி கவனித்து, நேரடி இணைப்பில் 1.00 வோல்ட் வரும் வால்யூம் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆம்ப்ளிஃபையரை அணைத்து ப்ரீஆம்பை நடுவில் சேர்த்து, அதே 1.00 வோல்ட் வரும் வரை திருகைச் சரிசெய்து, நன்கு பழகிய ஒரு வீணைப் பதிவையும் ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தையும் இரண்டு வழிகளிலும் கேட்க வேண்டும். எது எந்த வழி என்று கேட்பவருக்குத் தெரியாதபடி வீட்டிலுள்ள வேறொருவர் மாற்றித் தர, பத்து முறைகளில் ஒன்பது முறையாவது சரியாக அடையாளம் சொல்ல முடியாவிட்டால், பெட்டியைக் கடைக்கே திருப்பிக் கொடுத்து அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்கு ஒதுக்கலாம்.